சர்வர் ரூமில் ஈரச் சாக்கு

தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் போகாமலும், கரண்ட் நிற்கக் கூடாத இடத்தில் கரண்ட் நிற்காமலும் பார்த்துக்கொள்வது என் தொழில். இரண்டும் ஒழுங்காக நடக்கும் வரை என் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்து, அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து, கரண்ட் போன அன்று அதை முறைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் சொந்தக்காரர்கள். உங்கள் வீட்டில் மின்விசிறி நிற்கும். நான் போகிற இடங்களில் சர்வர் நிற்கும். சர்வர் என்பது ஓர் ஆபீசின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர். அதற்குச் சூடு ஆகாது, ஈரம் ஆகாது, சட்டென்று கரண்ட் போவதும் ஆகாது. சூட்டுக்கு ஏ.சி. போடுவார்கள். கரண்டுக்கு யு.பி.எஸ். வைப்பார்கள். அது ஒரு பெட்டி, பின்னால் வரிசையாகப் பேட்டரிகள். மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமி எழுகிற வரைக்கும் அந்தப் பெட்டிதான் சர்வரைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஈரத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஈரம் வராது என்று நம்புவார்கள்.

நான் சேலத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவள். போன இடங்களில் கண்டதில் சில இங்கே.

காய்ந்த காற்று

ஜலகண்டாபுரத்தில் ஒரு சேலைக் கம்பெனி. கீழே விசைத்தறிகள், மாடியில் ஆபீஸ், ஆபீசுக்குப் பின்னால் சர்வர் ரூம். சேலையின் பூவையும் மயிலையும் இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். அந்த டிசைன்கள் எல்லாம் சர்வரில் இருக்கும். அங்கிருந்துதான் தறிகளுக்குப் போகும். சர்வர் நின்றால் புதுச் சேலை தறியில் ஏறாது. அந்த ரூமுக்குப் பொறுப்பு லோகநாதன் அண்ணன். முன்பு தறி மேஸ்திரியாக இருந்தவர். தோள்பட்டை இறங்கிப் போய், தறி வேலை இனி ஆகாது என்று ஆனபோது, முதலாளி ராமலிங்கம் அவரை மாடிக்குக் கூப்பிட்டு ரூம் சாவியைக் கையில் கொடுத்தார். ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். ஏ.சி. ஓடுகிறதா என்று பார்ப்பதும், யு.பி.எஸ். கத்தினால் எனக்குப் போன் செய்வதும் அவர் வேலை.

அந்தக் கம்பெனியில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். முதல்முறை போனபோது உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். டீ வந்துவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். லோகநாதன் அண்ணன் பேசும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயையே பார்ப்பார். சர்வர் ரூமுக்குள் அத்தனை விசிறிகளும் சேர்ந்து குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அவரோ, "இங்க வந்து உக்காந்தாத்தானுங்க அம்மிணி அமைதி" என்பார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு இது அமைதிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்தக் கதவைத் திறந்ததும் கால் வழுக்கியது. தரை முழுவதும் ஈரச் சாக்கு. "நான்தானுங்க போட்டேன். காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா நனைச்சு உட்ருவேன்" என்றார் பெருமையாக. தறிக் கொட்டகையில் காற்று காய்ந்தால் பாவு நூல் பட்பட்டென்று அறுந்துபோகும். அதனால் தரையில் தண்ணீர் தெளித்து எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். சர்வருக்கு உள்ளே இருப்பது நூல் அல்ல, செம்பும் இரும்பும். ஈரம் பட்டால் பாசி மாதிரி பச்சையாகப் பூத்து, தொடர்பு விட்டுப்போகும் என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். சாக்கையெல்லாம் அள்ளினோம். தரையில் தண்ணீர் பட்டால் கத்துகிற ஒரு சின்னக் கருவியை சர்வர் அலமாரிக்கு அடியில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கொத்துக் கொத்தாகத் தொங்கிய ஒயர்களைக் கவலையோடு பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அதெல்லாஞ் சரிங்க அம்மிணி. ஏசிக் காத்துல காஞ்சு இதுல ஒண்ணு அறுந்து போச்சுன்னா, யாருங்க முடிச்சுப் போடறது?"

நாக்பூர் தாண்டிய பேட்டரி

அதற்கு அடுத்த வாரம் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று காட்டுகிற கம்ப்யூட்டர்கள் அங்கே உண்டு. யு.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று மேனேஜர் தங்கவேல் போன் செய்திருந்தார். போய்ப் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரி இல்லை. இரண்டு ஒயர்கள் மட்டும் பிடிப்பாரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. தூசியில் இரண்டு சுத்தமான சதுரங்கள்.

"ஏனுங்க, இங்கிருந்த ரெண்டு பேட்டரி எங்கே?" என்றேன். தங்கவேல் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இப்பத்தானுங்க நாக்பூர் தாண்டிக்கிட்டிருக்குது" என்றார். லோடு ஏற்றிய லாரி ஒன்று வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டதாம். உள்ளேயிருந்து இரண்டையும் கழற்றிக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். கிளம்பிய பிறகு திருப்பிக் கழற்றியிருக்கலாம் அல்லவா? வழியில் மறுபடி நின்றால் என்ன செய்வான் பாவம் என்று, அவற்றையும் டிரைவரோடு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது சிரிப்பு. இதற்காக உங்கள் கம்ப்யூட்டரெல்லாம் இருட்டில் நிற்கலாமா என்று கேட்டேன். தங்கவேல் யோசித்துத்தான் சொன்னார்:

"கம்ப்யூட்டர் நின்னா ஆபீசுக்குள்ளதானுங்க நிக்கும். வண்டி நின்னா டிரைவர் நடுரோட்டுல நிக்கணும்ங்க."

எதுங்க அம்மிணி?

ஜலகண்டாபுரத்தில் மாதாந்திர மின்தடை நாள். காலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழுவதற்குள் யு.பி.எஸ். கைவிட்டுவிட்டது, சர்வர் படுத்துவிட்டது. யாரோ வரைந்துகொண்டிருந்த முகூர்த்தச் சேலை டிசைன் பாதியில் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி ராமலிங்கம் மாடிப்படியில் நின்று, தெரு முனை வரை கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா இந்தப் பெட்டி நின்னுச்சுன்னா, டிசைனெல்லாம் சேலத்துல பெரிய சர்வர் வச்சிருக்கற கம்பெனிக்காரன்கிட்ட ஒப்படைச்சுப்போடுவேன். அவன் பாத்துக்கட்டும். இந்த ரூம்பு நூல் குடோன் ஆயிரும். லோகு ஊட்டுல போய் உக்காரட்டும்."

சர்வர் ரூமுக்குள் நுழைந்தேன். யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. பேட்டரி பலவீனமாகிவிட்டது என்று அது சொல்கிற விதம் அது: பீப், ஒரு சின்ன மூச்சு, மறுபடி பீப். அன்று காலையில் ஆரம்பித்த கத்தல் இல்லை. எத்தனையோ நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறது என்பதைப் பெட்டியின் திரையே காட்டியது. பெட்டிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் லோகநாதன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "எத்தனை நாளாண்ணா கத்துது?" என்றேன். என் வாயைப் பார்த்தார். "எதுங்க அம்மிணி?" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. தறிச் சத்தம் காதை ஒரேயடியாக அடைத்துவிடாது. மெல்லிய, கூரான ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். லாரி ஹாரன் கேட்கும், ஆள் கூப்பிட்டால் கேட்கும், குயில் கேட்காது. யு.பி.எஸ்.ஸின் பீப் ஒலியும் குயில் ஜாதிதான். சத்தம் எதுவும் வேண்டாம், சிவப்பு விளக்கு ஒன்று மாட்டிவிடலாம் என்றேன். பதறிப்போனார். விளக்கு எதற்கு என்று முதலாளி கேட்பார், காது கேட்காதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று அடுத்ததாகக் கேட்பார் என்றார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பழைய பேட்டரிகளை மாற்றினேன். டீ வரும்போதெல்லாம் திரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அடுத்தமுறை நான் வரும்போது நாம் இரண்டு பேருமாகவே முதலாளியிடம் சொல்லிவிடுவோம் என்றேன். கதவு வரைக்கும் வந்தவர் சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தடவை சொல்லலாஞ் சாமி. இந்தத் தடவை நான் நல்லாக் கேக்கறவனாவே இருந்துட்டுப் போறேன்."

குஞ்சுகள் எதையும் பார்த்ததில்லை

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகம். முட்டைகளை அடைகாக்கும் இயந்திரங்களின் சூட்டையும் ஈரத்தையும் ஒரு கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் புது யு.பி.எஸ். ஒன்றைக் கொண்டுபோனேன். அங்கே வெளியிலிருந்து வரும் எதுவும் சும்மா உள்ளே போக முடியாது. நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஆளைக் குளிக்க வைத்து, வேறு உடுப்புக் கொடுத்து அனுப்புவார்கள். நானும் குளித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், கேட்டில் இருக்கும் பெரியண்ணன், அட்டைப் பெட்டியைப் பிரித்து, யு.பி.எஸ்.ஸை வெளியே எடுத்து வைத்து, முதுகில் மாட்டிய தெளிப்பானால் நான்கு பக்கமும் மருந்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். காற்றுப் போவதற்காக வைத்திருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் குழாய் முனையை நுழைத்து, மிகவும் கவனமாக.

"அண்ணா, அது கரண்ட் பெட்டி!" என்று ஓடினேன். "தெரியுமுங்க. அதுதான் சந்து பொந்தெல்லாம் பாத்து அடிக்கறேன்" என்றார். அதைத் திறந்து, துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்குச் சும்மா திரும்பினேன். தண்ணீரே படக் கூடாத பெட்டிக்கு வாசலிலேயே தீர்த்தம். கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் அவர் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே கைகாட்டிச் சொன்னதைக் கேட்ட பிறகு முடியவில்லை:

"உள்ள இருக்கற குஞ்சுக இன்னும் ஒலகத்துல எதையும் பாத்ததில்லீங்க. இந்தப் பெட்டி எங்கெங்க போயிட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

தயிர்சாதம்

நான் சொன்ன அந்த "அடுத்தமுறை" வருவதற்குள் ஜலகண்டாபுரத்திலிருந்து போன் வந்துவிட்டது. பேசியது முதலாளியின் மருமகள் நித்யா. ஆத்தூர் பக்கத்துப் பெண். அவள் பிறந்த தெருவில் தறி கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாடி ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். "மேடம், சர்வர் ரூம்ல தண்ணி. சீக்கிரம் வாங்க. மெயினை அணைச்சுட்டேன்" என்றாள். நல்ல பெண். அணைத்தாளே, அதில்தான் பாதிப் பிழைப்பு.

நடந்தது இதுதான். ஏ.சி.யின் தண்ணீர் வெளியே போகிற குழாயில் தறிப்பஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த ஊரில் பஞ்சு போகாத இடமில்லை. தண்ணீர் சுவரோடு வழிந்து அலமாரிக்கு அடியில் புகுந்தது. நான் வைத்த கருவி கத்த ஆரம்பித்தது. முன் அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நித்யாவுக்கு அது காதைக் குத்தியிருக்கிறது. யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் அசையவில்லை. கடைசியில் அவளே போய்க் கதவைத் தள்ளினாள். லோகநாதன் அண்ணன் டிபன் பாக்ஸ் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் பேட்டரி வரிசையைத் தொட்டுவிட்டிருந்தது. கருவி அவர் காலடியில் அலறிக்கொண்டிருந்தது.

நான் போனபோது தரையைத் துடைத்திருந்தார்கள். சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த பிறகு எழுப்பலாம். ஆனால் ராமலிங்கம் முகம் சிவந்து நின்றார். "நிக்கப்படாதுன்னு சொன்னேன், நின்னுபோச்சு. மணி அடிச்சிருக்குது, இவன் பக்கத்துலயே இருந்திருக்கான். தூங்கியிருக்கான் அம்மிணி! பட்டப்பகல்ல தூங்கியிருக்கான்!" என்றார். நித்யா வாய் திறந்தாள். "மாமா, அவரு தூங்கல, சாப்…" லோகநாதன் அண்ணன் அவளைப் பார்த்துக் கையை லேசாக ஆட்டித் தடுத்தார். பிறகு, இத்தனை வருஷமாகத் தன்னை நம்பிச் சாவி கொடுத்தவரைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"ஆமாங்க முதலாளி. தூங்கிட்டேன்."

அழுத்துங்க அம்மிணி

செவிடன் என்று பெயர் வாங்குவதைவிடத் தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கிக்கொண்டு போவது மேல் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு வாயில் வார்த்தை இருந்தது. ஆனால் அது அவருடைய வார்த்தை. அவர் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது? அப்போது ராமலிங்கமே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "எவ்வளவு சத்தம் போட்டா இவன் தூக்கம் கலையும்னு நானும் பாக்கறேன். அந்த மிஷினை அழுத்துங்க அம்மிணி" என்றார். தண்ணீர் பட்டால் கத்துகிற அந்தக் கருவியில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டே இருந்தால் நிற்காமல் அலறும். அழுத்தினேன்.

அந்தச் சின்ன அறையில் அது எவ்வளவு சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. பல்லுக்குள் கூசியது. நித்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பிறகு பொறுமை இழந்தவராக, "சீக்கிரம் அழுத்துங்க அம்மிணி, வேலை கெடக்குது" என்றார்.

நான் விரலை எடுக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நித்யாவைப் பார்த்தேன். என் பார்வை போன பக்கம் ராமலிங்கமும் திரும்பினார். காதைப் பொத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் மருமகளைப் பார்த்தார். என் விரலை மறுபடி பார்த்தார். கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது. தறிக் கொட்டகையில் பேச்சு கேட்காது. அங்கே எல்லாம் சைகைதான். லோகநாதன் அண்ணன் உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்து, விரல்களைப் படபடவென்று ஆட்டினார். தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்கே தெரியும்; இங்கே, மிஷின் கத்திக்கொண்டிருக்கிறது என்று. லோகநாதன் அண்ணனுக்கும் அந்த ஒலி கேட்கவில்லை. நித்யா காதைப் பொத்தியிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முதலாளி கையைத் தாழ்த்தி, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். நான் விரலை எடுத்தேன். ஒரே கொட்டகையில் பையன்களாக வேலைக்குச் சேர்ந்தவர்களாம் இரண்டு பேரும். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த ஊரிலேயே நான் கேட்ட மிக மெல்லிய குரலில் ராமலிங்கம் கேட்டார்:

"லோகு… உனக்குமா?"

புது மாடல்

அன்றைக்கு அதற்கு மேல் யாரும் யாரையும் திட்டவில்லை. ராமலிங்கம் போய் லோகநாதன் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போனை முழுச் சத்தத்தில் வைத்தும் அது அடிப்பது தெரிவதில்லை. தொலைக்காட்சியில் பெண்கள் பேசினால் புரிவதில்லை. செய்தி வாசிப்பவர் ஆணாக இருந்தால்தான் பார்ப்பார் என்று ஒவ்வொன்றாக வந்தது. யாரிடமும் சொன்னதில்லையாம். முதலாளிக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் தரகர்கள் எதிரிலேயே விலை பேசிக்கொள்வார்கள் என்று பயம். லோகநாதன் அண்ணன் பக்கத்தில் நின்று, அவர் வாயைப் பார்த்தபடி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். தயிர்சாதம் அப்படியே மூடி திறந்து இருந்தது.

நித்யாதான் எங்கள் எல்லோரையும்விடப் பாவம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த பீப் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. போன மின்தடைக்கு முன்னால் வாரக்கணக்கில் யு.பி.எஸ். கத்தியதும் கேட்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று மாமனார் கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எல்லாருக்கும் கேக்குது, யாரும் கண்டுக்கல, இந்த வீட்டுப் பழக்கம் போலன்னு நெனச்சேன் மாமா. புதுசா வந்தவ எதுக்குக் கேக்கணும்னு…" ராமலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் லோகநாதன் அண்ணன். இருவரும் அந்த ஊர் வழக்கப்படி உரக்கச் சிரித்தார்கள். கீழே தறிக்காரர்கள் மேலே ஏதோ சண்டை என்று நினைத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்காது.

சேலத்துக் கம்பெனிக்காரரிடம் டிசைன்களின் நகல் ஒன்றைப் பத்திரத்துக்குக் கொடுத்து வைத்தார்கள். அது நானே சொன்ன யோசனை. எந்த ரூமையும் அந்த அளவுக்கு நம்பக் கூடாது. சர்வர் இங்கேயே இருந்தது, சாவியும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சிவப்பு விளக்கு மாட்டினேன். தண்ணீர் பட்டாலும் பேட்டரி தளர்ந்தாலும் சுழன்று சுழன்று எரிகிற விளக்கு. ஒன்று சர்வர் ரூமில், ஒன்று கணக்கு மேசையில், ஒன்று கீழே தறிக் கொட்டகையில் எல்லோரும் பார்க்கிற உயரத்தில். நாலாவது ஒன்று முதலாளி மேசைக்கு. அது எதற்கு என்று கேட்டவர்களிடம் ராமலிங்கம் சொன்ன பதில்: "இதானுங்க புது மாடல். சத்தம் போடற மாடலெல்லாம் இப்ப வர்றதில்ல."

இவ்வளவு சத்தமா?

மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடி போனேன். ஏ.சி. குழாயில் பஞ்சு இல்லை. லோகநாதன் அண்ணன் வாரம் ஒருமுறை ஊதி எடுத்துவிடுகிறாராம். தறியிலிருந்து கழித்த ஒரு நீளக் கம்பியும் அதற்கென்று வைத்திருக்கிறார். முதலாளி வாசலிலேயே கூப்பிட்டு, தலையைத் திருப்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி. நித்யா இரண்டு பேரையும் சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சோதித்து, ஆளுக்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டிருக்கிறாள். "எங்க ஊட்டுக்காரி இத்தனை வருஷமா மெதுவாத்தான் பேசிக்கிட்டிருந்திருக்கா அம்மிணி. நாந்தான் எதுக்கும் பதில் சொல்லாத மனுசன்னு பேரு வாங்கியிருக்கேன்" என்றார்.

சர்வர் ரூமில் லோகநாதன் அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் காதில் கருவியைக் காணோம். எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். நித்யாவுக்குத் தெரிந்தால் திட்டுவாளே என்றேன். கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இரைந்துகொண்டிருந்த விசிறிகளைக் காட்டி, ஏதோ ஏமாற்றப்பட்டவர் போலச் சொன்னார்:

"இந்த ரூம்பு இவ்வளவு சத்தமாங்க அம்மிணி? இத்தனை நாளா அமைதின்னு நெனச்சு நல்லா உக்காந்திருந்தேன். காதுல மாட்டிக்கிட்டு ஒரு நாள் இருக்க முடியல. அதான் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, லைட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

கத்துகிற மிஷினை ஊரெல்லாம் விற்றுவிட்டு வருகிற எங்களுக்குக் கடைசியில் புரிந்தது என்னவென்றால், அது கத்துவதைக் கேட்க ஓர் ஆளைப் போடுவது சுலபம், "எனக்குக் கேட்கவில்லை" என்று அந்த ஆள் சொல்வதற்குத்தான் முதலாளிக்கும் கேட்காமல் இருக்க வேண்டியிருக்கிறது.